குடல் ஏன் தன்னையே புண்ணாக்கிக்கொள்கிறது? ஃபியோனா பௌரியின் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரோன் நோய் அல்லது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு போல" என்பதுதான். நடப்பது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு. குடலில் எதிர்ப்பு சக்தி தூங்கிவிடவில்லை, அடங்க மறுக்கிறது. ஏன் அடங்க மறுக்கிறது என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துருவிக்கொண்டிருக்கும் ஒருவரின் வேலையைப் பிடித்துக்கொண்டே இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதைச் சிகிச்சை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியவை.

யார் இந்த ஃபியோனா பௌரி?

பிரிட்டனைச் சேர்ந்த எதிர்ப்பியல் ஆய்வாளர். நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதுபவர் இல்லை, சோதனைக்கூடக்காரர். ஆக்ஸ்ஃபோர்டில் டான் மேசனிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். பிறகு கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த டி.என்.ஏ.எக்ஸ். ஆய்வு நிலையத்தில் ராபர்ட் காஃப்மனோடு சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கே திரும்பினார். 2009இல் அங்கே சிட்னி ட்ரூலவ் பெயரில் ஏற்பட்ட குடலியல் பேராசிரியர் பதவி, 2011இல் ராயல் சொசைட்டி என்ற பிரிட்டனின் அறிவியல் கழகத்தில் உறுப்பினர், 2012இல் மருத்துவ ஆய்வுக்கான லூயி-ஜான்டே பரிசு, 2014இல் கென்னடி மூட்டுநோய் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் பதவி. குடலை ஆராய்பவருக்கு மூட்டுநோய் நிலையத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். இரண்டு நோயிலும் தீயை மூட்டும் வேதிச் செய்திகளில் பல ஒன்றே. ஒரே மருந்து இரண்டுக்கும் பயன்படுவது அதனால்தான்.

ட்ரூலவ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு பற்றிய கேள்வியில் திரும்ப வருவார்.

குடல் அழற்சி நோய் என்று எதைச் சொல்கிறார்கள்? எனக்கு ஐ.பி.எஸ். என்று சொன்னார்கள், இதுவும் அதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. ஐ.பி.எஸ். என்பது எரிச்சல் குடல் கோளாறு. அதில் வயிறு வலிக்கும், மலம் இறுகும், இளகும். ஆனால் ஸ்கோப் விட்டுப் பார்த்தால் குடல் சுவர் நன்றாகவே இருக்கும். குடல் அழற்சி நோயில் சுவரே சிவந்து, வீங்கி, புண்ணாகியிருக்கும். மலத்தில் ரத்தம் போகலாம், எடை இறங்கும், ரத்தம் குறையும்.

இதில் இரண்டு பெரிய கிளைகள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலோடு நின்றுவிடும்; மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறும்; புண் உள்தோலை ஒட்டியே இருக்கும். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், விட்டு விட்டு வரும், சுவரின் முழுத் தடிமனுக்கும் இறங்கும். குடல் சுருங்குவதும் பக்கத்து உறுப்புக்குள் துளை விழுவதும் கிரோனில் அதிகம் இருப்பதற்குக் காரணம் அந்த ஆழம்தான். நியூயார்க்கில் பர்ரில் கிரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1932இல் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது.

லூஸ் மோஷன் என்றால் ஏதோ கிருமி என்றுதானே அர்த்தம்? எதிர்ப்பு சக்தி இதில் எங்கே வருகிறது?

குடலின் நிலைமையை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். உள்ளே கோடி கோடியாக பாக்டீரியா. வேளாவேளைக்கு வெளியிலிருந்து வரும் அந்நியப் பொருள், அதாவது சாப்பாடு. இந்தக் கூட்டத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வரிசை செல். அந்த வரிசையும் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. அதன் மேல் சளிப் பூச்சு, அதற்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு எதிர்ப்பு செல்கள்.

தோலுக்கு அடியில் ஒரு பாக்டீரியா நுழைந்தால் உடல் போர் தொடுக்கிறது, சரி. அதே கொள்கையைக் குடலில் கடைப்பிடித்தால் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் போர்தான். அதனால் குடலில் இருக்கும் எதிர்ப்பு செல்கள் இரட்டை வேலை பார்க்கின்றன: சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமி வந்தால் அடிக்க வேண்டும், சாம்பாரையும் வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாவையும் விட்டுவிட வேண்டும். இந்த விட்டுவிடுதல் தானாக நடப்பதாகவே நெடுங்காலம் நினைத்தார்கள். அதற்கென்று தனியாக செல்கள் வேலை செய்கின்றன, அவற்றை எடுத்துவிட்டால் குடல் வெந்துபோகும் என்று கையில் காட்டியதில் பௌரிக்குப் பெரிய பங்கு உண்டு.

அவருடைய பிரபலமான சோதனை என்ன? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கதை எலியில் தொடங்குகிறது, சுண்டெலியில் முடிகிறது. இரண்டும் ஆய்வுக்கூடத்தில் வேறு வேறு பிராணிகள்.

டி செல் என்பது எதிர்ப்பு வேலை பார்க்கும் ஒருவகை வெள்ளையணு; நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியில் முதிர்வது. மேசனின் கூடத்தில், தைமஸ் இல்லாத, அதனால் சொந்தமாக டி செல் இல்லாத எலிகளுக்கு வேறு ஆரோக்கியமான எலியின் டி செல்களைப் பிரித்துச் செலுத்தினார்கள். எல்லா டி செல்லையும் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் கொடுத்தபோது எலிகள் உருகிப்போயின. கல்லீரல், நுரையீரல், தைராய்டு என்று பல உறுப்புகளில் அழற்சி. 1990இல் வந்த முடிவு இது. செலுத்திய செல்கள் நோயாளி எலியிலிருந்து எடுத்தவை இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல எலியின் நல்ல செல்கள்தான்.

பாலோ ஆல்டோவில் இதையே சுண்டெலியில் செய்து பார்த்தார் பௌரி. டி செல்லின் மேற்பரப்பில் சி.டி.45ஆர்.பி. என்று ஒரு புரதம் உண்டு. இன்னும் எந்த எதிரியையும் சந்திக்காத புது டி செல்லில் அது நிறைய இருக்கும். அனுபவப்பட்ட செல்லில் குறைவாக இருக்கும். ஒளிரும் சாயம் ஏற்றி, இயந்திரத்தில் விட்டு, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். பிறவியிலேயே டி செல்லும், பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவும் இல்லாத சுண்டெலிக்கு "நிறைய" இருக்கும் செல்களில் சில லட்சத்தை ஊசியால் செலுத்தினார்கள்.

அதன்பின் செய்வது பெரும்பாலும் காத்திருப்பும் எடை பார்ப்பதும்தான். இந்தச் சோதனையை இன்றைக்குச் செய்யும் கூடங்களிலும் அப்படித்தான். முதல் சில வாரம் தராசில் எண் சாதாரணமாக ஏறும். பிறகு நிற்கும். பிறகு இறங்கும். ரோமம் கலைந்து, முதுகு கூனி, கூண்டின் மூலையில் உட்கார்ந்திருக்கும், மலம் இளகும். ஆறேழு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் பெருங்குடல் குட்டையாகி, தடித்து, குழாய்போல விறைத்திருக்கும். நல்ல சுண்டெலியின் பெருங்குடலில் மணிமாலைபோல வரிசையாகப் புழுக்கை தெரியும்; இதில் அது இருக்காது. நுண்ணோக்கியில் சளி சுரக்கும் செல்கள் காணாமல் போயிருக்கும், அந்த இடமெல்லாம் வெள்ளையணுக் கூட்டம்.

இப்போது இன்னொரு சுண்டெலி. அதே செல்கள், அதே அளவு. ஆனால் கூடவே "குறைவாக" இருக்கும் செல்களும் சேர்த்து. தராசில் எண் ஏறிக்கொண்டே போனது. குடல் பழுதில்லாமல் இருந்தது.

1993இல் இது வெளியானது. இதில் எனக்குப் பிடித்த இடம் அந்த இரண்டாவது சுண்டெலிதான். நோயை உண்டாக்குவது ஆய்வுக்கூடத்தில் பெரிய காரியமில்லை, ரசாயனம் கொடுத்தாலே குடல் புண்ணாகும். அதே நோய்க்காரணம் முழுசாக உள்ளே இருக்கும்போதே, இன்னொரு பிடி செல்லைச் சேர்த்தால் நோய் வரவில்லை என்பதுதான் சேதி. எதிர்ப்பு சக்திக்குள்ளேயே ஒரு கடிவாளம் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கடிவாளச் செல்களுக்குப் பெயர் என்ன? எப்படி அடக்குகின்றன?

ஒழுங்குபடுத்தும் டி செல்கள். ஆய்வாளர்கள் பேச்சில் சுருக்கமாக ட்ரெக்.

அவை பக்கத்துச் செல்களுக்கு "போதும்" என்று சொல்லும் புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-10 ஒன்று, டி.ஜி.எஃப்.-பீட்டா இன்னொன்று. பௌரியின் குழு அந்தச் சுண்டெலிகளில் டி.ஜி.எஃப்.-பீட்டாவைத் தடுத்துப் பார்த்தது. இன்டர்லூக்கின்-10 சுரக்க முடியாத செல்களைக் கொடுத்துப் பார்த்தது. இரண்டிலும் பாதுகாப்பு போனது. 2003இல் இன்னும் ஒரு படி போனார்கள்: நோய் முற்றிய பிறகு ட்ரெக் செல்லைக் கொடுத்தார்கள். புண் ஆறியது. வராமல் தடுப்பது ஒன்று, வந்ததை ஆற்றுவது இன்னொன்று. நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது.

இதிலே ஒரு கிளைக்கதை. குடலில் இருக்கும் ஒருவகை டென்ட்ரிட்டிக் செல்கள் (அந்நியப் பொருளைப் பிடித்து டி செல்லுக்குக் காட்டுபவை) வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தைச் செய்து, அதை வைத்துப் புது டி செல்லை ட்ரெக் ஆகத் திருப்புகின்றன என்று 2007இல் இவருடைய குழுவும் வேறு சில குழுக்களும் காட்டின. உடனே வைட்டமின் ஏ மாத்திரை வாங்க ஓடாதீர்கள். அளவு மிஞ்சினால் கல்லீரலுக்குக் கேடு. சொல்ல வந்தது, குடல் தன் கடிவாளத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் இடம் என்பது மட்டும்தான்.

சுண்டெலிக்கு வந்தது மனிதனுக்கும் பொருந்துமா?

எல்லா எலி ஆய்வையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. இந்த விஷயத்தில் பதில் கைக்குழந்தைகளிடமிருந்து கிடைத்தது.

ஐபெக்ஸ் என்று ஓர் அரிய பிறவி நோய் உண்டு, ஆண் குழந்தைகளுக்கு வரும். பிறந்த கொஞ்ச நாளிலேயே நிற்காத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், தோல் படை. ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவில் பிழை. அந்த மரபணு இல்லாவிட்டால் ட்ரெக் செல் உருவாகாது. சுண்டெலியில் ட்ரெக் இல்லாமல் நடந்தது அந்தக் குழந்தையின் குடலிலும் நடக்கிறது.

இன்னொன்று 2009இல் வெளியானது. பிறந்து சில மாதத்திலேயே கடுமையான குடல் அழற்சியும் ஆசனவாயில் ஃபிஸ்டுலா என்ற புரைவழியும் வந்த குழந்தைகளில், இன்டர்லூக்கின்-10 சொல்லும் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பிழை இருந்தது. "போதும்" என்று சொல்ல ஆள் இருந்தும் காது கேட்கவில்லை. அவர்களில் ஒரு குழந்தைக்கு ரத்த ஸ்டெம் செல்லை, அதாவது ரத்த அணுக்கள் பிறக்கும் மூலச் செல்லை, மாற்றினார்கள். குடல் ஆறியது. குடலில் எதையும் தொடவில்லை, ரத்தத்தின் விதையை மாற்றியதும் குடல் ஆறியது என்றால் கோளாறு எங்கே இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு வரும் கிரோனும் கொலைட்டிஸும் இவ்வளவு சுத்தமான கதை இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ட்ரெக் செல் இருக்கத்தான் செய்கிறது. அழற்சியின் இரைச்சலில் அதன் பேச்சு எடுபடுவதில்லை.

2025 மருத்துவ நோபல் இதற்குத்தானே?

இதே கருத்துக்குத்தான், ஆனால் வேறு ஆட்களுக்கு. மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. சகாகுச்சி 1995இல் ட்ரெக் செல்லுக்குத் தெளிவான அடையாளம் கொடுத்தார். மற்ற இருவரும் 2001இல் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நோபல் ஒரு பிரிவில் மூன்று பேரைத் தாண்டாது. அடக்கும் செல்கள் இருப்பதைப் பல கூடங்கள் பல வழியில் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. குடல் வழியாகக் காட்டிய வரிசையில் பௌரியின் சுண்டெலிகள் முன்னால் நிற்கின்றன.

குடல் பாக்டீரியாதான் காரணம் என்கிறார்களே?

காரணம் என்பதைவிட, பாக்டீரியா இல்லாமல் சண்டை இல்லை என்று சொல்லலாம். இன்டர்லூக்கின்-10 இல்லாத சுண்டெலியைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் குடல் அழற்சி வருவதில்லை. சாதாரணக் கூண்டுக்கு மாற்றினால் வருகிறது.

பௌரியின் கூடம் இதற்கு ஹெலிகோபாக்டர் ஹெபாடிக்கஸ் என்ற பாக்டீரியாவை நிறையப் பயன்படுத்தியது. (மனித இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரிக்குப் பங்காளி, ஆனால் இது சுண்டெலியின் குடலில் குடியிருப்பது.) நல்ல சுண்டெலியில் இது சாதுவாக இருக்கும். அதே சுண்டெலியில் இன்டர்லூக்கின்-10 வேலையைத் தடுத்துவிட்டால் இதே பாக்டீரியா பெருங்குடலைப் புண்ணாக்கிவிடும். பாக்டீரியா மாறவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டிருந்த உடம்பு மாறிவிட்டது. "நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா" என்று பெட்டியில் அச்சடித்து விற்பவர்கள் இந்த ஒரு சோதனையையாவது படிக்கலாம்.

இன்டர்லூக்கின்-23 என்று அடிக்கடி காதில் விழுகிறது. அது என்ன?

கடிவாளத்தைப் பற்றிப் பேசினோம், இது சாட்டை.

2000இல் டி.என்.ஏ.எக்ஸ். நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். இரண்டு துண்டுகள் ஒட்டிய புரதம்: பி19, பி40. இதில் பி40 என்ற துண்டு இன்டர்லூக்கின்-12 என்ற பழைய புரதத்திலும் இருக்கிறது. இந்தப் பங்கீடுதான் குழப்பத்துக்கெல்லாம் காரணம். பி40-ஐத் தடுத்தால் குடல் அழற்சி அடங்குகிறது என்று முன்பே தெரியும். எல்லோரும் பாராட்டை இன்டர்லூக்கின்-12-க்குக் கொடுத்துவிட்டார்கள்.

2006இல் பௌரியின் குழு இரண்டையும் பிரித்துப் பார்த்தது. பி19 மட்டும் இல்லாத சுண்டெலி, அதாவது இன்டர்லூக்கின்-12 இருக்கிறது, 23 இல்லை. குடல் தப்பித்தது. ஆனால் உடம்பின் மற்ற இடங்களில் அழற்சி தொடர்ந்தது. குடலில் தீ வளர்ப்பது 23, உடம்பு முழுக்க அழற்சியைப் பரப்புவது 12 என்று வேலை பிரிந்திருந்தது. டி செல்லே இல்லாத சுண்டெலியில்கூட 23 குடலைப் புண்ணாக்கியது. அது எப்படி என்று தேடிப்போய், டி செல் இல்லாமலே அந்தச் சேதிக்குப் பதில் சொல்லும் பிறவி லிம்ஃபாய்டு செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல்களை 2010இல் காட்டினார்கள்.

அதே 2006இல், சம்பந்தமே இல்லாத வேறொரு திசையிலிருந்து சாட்சி வந்தது. கிரோன் நோயாளிகளின் மரபணுவை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டவர்கள், இன்டர்லூக்கின்-23 ஏற்பியின் மரபணுவில் ஓர் அரிய மாற்றம் இருப்பவர்களுக்குக் கிரோன் வரும் வாய்ப்பு குறைவு என்று கண்டார்கள். எலிக்கூண்டும் மரபணுப் பட்டியலும் ஒரே பெயரைச் சொன்னால் மருந்து நிறுவனங்கள் சும்மா இருக்குமா?

அப்படியானால் மருந்து வந்ததா?

வந்தது. பி40-ஐத் தடுக்கும் உஸ்டெகினுமாப் 2016இல் அமெரிக்காவில் கிரோனுக்கு அனுமதி பெற்றது. பி19-ஐ மட்டும் தடுக்கும் ரிசான்கிசுமாப் 2022இல் வந்தது, மிரிகிசுமாப் 2023இல் கொலைட்டிஸுக்கு. எலியிலிருந்து ஊசிமருந்து வரை வந்த பாதையில் பல கூடங்களின் கை உண்டு. ஒருவர் கண்டுபிடித்தார், ஒரு மருந்து வந்தது என்று எழுதுவது பத்திரிகைத் தலைப்புக்குத்தான் சரி.

இதில் தோற்ற மருந்துகளும் பாடம்தான். இன்டர்லூக்கின்-23 தூண்டினால் சில செல்கள் இன்டர்லூக்கின்-17 சுரக்கும். நேராக 17-ஐத் தடுத்துவிட்டால் ஆயிற்றே என்று நினைத்தார்கள். சோரியாசிஸ் என்ற தோல் நோயில் அது பிரமாதமாக வேலை செய்கிறது. கிரோனில் 17-ஐத் தடுக்கும் செகுகினுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவுப்படி பயன் இல்லை, சிலருக்கு நோய் கூடியது, பூஞ்சைத் தொற்றும் வந்தது. குடலில் 17-க்குச் சுவரைக் காக்கும் வேலையும் இருக்கிறது. தோலில் எதிரி, குடலில் காவல்காரன்.

இன்டர்லூக்கின்-10-ஐயே ஊசியாகக் கொடுத்தும் பார்த்தார்கள். அவ்வளவு அழகான எலி ஆய்வுகளுக்குப் பிறகும் நோயாளிகளிடம் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. ரத்தத்தில் ஏற்றும் மருந்து குடல் சுவரின் சரியான மூலைக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டுமே.

ஸ்டீராய்டு கொடுத்தால் பயமாக இருக்கிறது. ஏன் இன்னும் அதையே கொடுக்கிறார்கள்?

சீக்கிரம் கேட்கிறது என்பதால். இங்கேதான் ட்ரூலவ் வருகிறார். ஆக்ஸ்ஃபோர்டில் அவரும் விட்ஸ் என்ற சக டாக்டரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகள் 210 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு, மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுத்து 1955இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் அடங்கியவர்கள் கார்ட்டிசோன் பக்கம் நூற்றுக்கு 41, மறு பக்கம் 16. கடுமையான கொலைட்டிஸ் வந்தால் உயிர் போவது சகஜமாக இருந்த காலத்தில் அது பெரிய விஷயம்.

ஆனால் ஸ்டீராய்டு தீயணைப்பு வண்டி. வீட்டிலேயே நிறுத்தி வைத்துக்கொள்ள முடியாது. அடங்கிய நோயை அடங்கியபடியே வைத்திருக்க அது உதவுவதில்லை; எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், முகம் ஊதும். திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

இன்ஃப்ளிக்சிமாப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. ஏன்?

1998இல் கிரோனுக்கு வந்த இன்ஃப்ளிக்சிமாப், டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆரம்பத்திலிருந்தே சரியாகக் கேட்பதில்லை. இன்னும் சிலருக்கு முதலில் கேட்டுவிட்டு, பிறகு உடம்பு மருந்துக்கு எதிராகவே எதிர்ப்புப் பொருள் செய்துகொள்வதால் விட்டுப்போகிறது.

முதல் கூட்டத்தைப் பற்றி பௌரியின் குழு 2017இல் ஒரு துப்பு கொடுத்தது. ஆன்கோஸ்டாட்டின் எம் என்று ஒரு புரதம். நோயுள்ள குடலில் அது மிக அதிகமாக இருந்தவர்களுக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்து கேட்காமல் போவது அதிகம். அது வெள்ளையணுக்களோடு பேசுவதைவிடக் குடலின் சட்டகமாக நிற்கும் செல்களோடு அதிகம் பேசுகிறது. அந்தச் செல்களை அதுவரை வெறும் சுவர் பூச்சு என்றே பலரும் விட்டுவைத்திருந்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்று முன்கூட்டியே சொல்லும் நாள் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு ஒன்று கேட்காவிட்டால் அடுத்தது என்றுதான் போகிறது.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுத்தால் வேறு தொற்று வராதா?

வரலாம். அதனால்தான் டி.என்.எஃப். தடுப்பு மருந்து தொடங்கும் முன் உள்ளே தூங்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் புரதம்தான் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி கட்டி வைத்திருப்பது. ஹெபடைட்டிஸ் பி-யும் பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

வெடோலிசுமாப் என்ற மருந்து வேறு வழியில் போகிறது. குடலுக்குப் போகும் வெள்ளையணுக்களின் கையில் ஒருவகை "நுழைவுச் சீட்டு" புரதம் இருக்கும். அதை மட்டும் மறைத்துவிடுகிறது. மற்ற உறுப்புகளுக்குப் போகும் அணுக்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. வேலை மெதுவாகத்தான் தெரியும்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பவுடர், கஷாயம் சாப்பிடலாமா?

இவ்வளவு தூரம் படித்த பிறகும் இந்தக் கேள்வி வரும், தெரியும். எதைக் கூட்டுவது? சாட்டையையா, கடிவாளத்தையா? பொட்டலத்தில் அது எழுதியிருக்காது. ஏற்கெனவே தறிகெட்டு ஓடும் குதிரை. எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். சில மூலிகைகள் மருந்தோடு மோதும்.

பரம்பரையாக வருமா?

ஓரளவு. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடும். ஆனாலும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. 2001இல் கிரோனோடு முதலில் இணைத்த மரபணு நாட்2, பாக்டீரியாவின் சுவர்த்துண்டை மோப்பம் பிடிப்பது. பிறகு சம்பந்தப்பட்ட இடங்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றும் தராசில் ஒரு குன்றிமணி எடைதான்.

சிகரெட்?

கிரோனைக் கண்டிப்பாக மோசமாக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் மட்டும் விசித்திரமாகப் புகைப்பவர்களுக்கு நோய் குறைவாகக் காணப்படுகிறது. அதைச் சாக்கிட்டுப் பற்றவைக்க வேண்டாம். நுரையீரலும் இதயமும் உங்களுடையவைதான்.

ட்ரெக் செல்லையே எடுத்துப் பெருக்கி ஊசியாகப் போட்டுவிட்டால் என்ன?

கேட்க எளிது. முயன்றும் பார்க்கிறார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்து, வெளியே பெருக்கி, திரும்ப ஏற்றுவது. சிக்கல் மூன்று. அந்தச் செல்கள் எண்ணிக்கையில் குறைவு. பெருக்கும்போது சில தன் குணத்தை மறந்து சண்டைக்காரச் செல்லாகிவிடும். உள்ளே போனபின் குடலில்தான் வேலை செய்ய வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது?

மூன்றாவதற்கு ஒரு குழு கண்ட வழியைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். 2012இல் வெளியானது, கிரோன் நோயாளிகள் 20 பேர். முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் ஓவல்புமின் என்ற புரதத்தைக் கண்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் அடக்கும் செல்களை அவரவர் ரத்தத்திலிருந்தே வளர்த்து ஏற்றினார்கள். பிறகு நோயாளிகளை ஓவல்புமின் உள்ள உணவைச் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டது குடலுக்குத்தானே போகும். செல் அங்கே போய் விழித்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. ஆபத்தில்லாமல் முடிந்தது, சிலருக்கு நோய் தணிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு அந்தச் சோதனையில் இல்லை. அதனால் தணிந்தது செல்லாலா, நோயின் வழக்கமான ஏற்ற இறக்கத்தாலா என்று அந்த 20 பேரை வைத்துச் சொல்ல முடியாது.